எருமைக்கு வைத்த தண்ணீர்

நோர்வேயில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியில், என் கதவுக்கு வெளியே ஓர் அலுமினியச் சட்டி இருக்கும். அரிசி களைந்த தண்ணீரைக் காலையில் அதில் ஊற்றி வைப்பேன். மாலையில் உள்ளே எடுத்துவந்து தொட்டியில் கொட்டிவிட்டுச் சட்டியைக் கழுவிக் கவிழ்ப்பேன். எப்படியும் தொட்டிக்குப் போகிற தண்ணீரைக் காலையிலேயே கொட்டித் தொலைத்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். என் கணவரும் கேட்டார். இப்போது கேட்பதை விட்டுவிட்டு, கால் இடறாமல் சட்டியைத் தாண்டிப் போகப் பழகிவிட்டார்.

எதிர்க் கதவில் இங்கர் என்றொரு மூதாட்டி தனியாக இருக்கிறார். நாங்கள் வந்த புதிதில் ஒருநாள் அந்தச் சட்டியைக் குனிந்து பார்த்துவிட்டு, "மெல்க்?" என்று கேட்டார். பாலா என்கிறார் என்பது புரிந்தது. இல்லை என்று சொல்லத்தான் தெரியும். அப்படியானால் இது என்ன, யாருக்கு என்று சொல்ல அந்த மொழியில் எனக்கு வழியில்லை. ஆகவே ஆமென்று தலையை ஆட்டிவைத்தேன். அவர் இரண்டு கைகளாலும் கன்னத்தில் மீசை வரைந்து காட்டி, "மியாவ்?" என்றார். அதற்கும் ஆட்டினேன். மறுநாள் பூனைத் தீனிப் பொட்டலம் ஒன்றோடு கதவைத் தட்டினார். பால் பூனையின் வயிற்றுக்கு ஆகாதாம். வயிற்றைத் தடவி, முகத்தைச் சுளித்து விளக்கினார். அன்றிலிருந்து இல்லாத ஒரு பூனைக்கு மாதா மாதம் தீனி வந்துகொண்டிருக்கிறது. என் அலமாரியில் ஒரு தட்டு முழுக்க அதுதான்.

அந்தத் தண்ணீர் பூனைக்கு அல்ல, எருமைக்கு. பருத்திப்பட்டில் கன்னியம்மாவின் எருமை கருப்பாயிக்கு. ஆவடிப் பக்கம் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியிராது. என்னைப் போல் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கும், அங்கிருந்து மூன்றாம் ஊருக்கும் தள்ளப்பட்டவர்களுக்காகக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

நான் பிறந்தது கடலுக்கு அக்கரையில், வடமராட்சியில். எண்பத்தாறில் நானும் கணவரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சென்னைக்கு வந்தோம். ஒரு வருடத்துக்குள் அவர் ஏஜென்டைப் பிடித்து ஐரோப்பாவுக்குப் போய்விட்டார். "ஆறு மாசத்தில உம்மைக் கூப்பிடுவன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஆறு மாதம் ஏழு வருடமாயிற்று. அதுவரை அம்பத்தூரில் ஒரு வீட்டு மாடியில் இருந்த நான், தனியாளுக்கு அவ்வளவு வாடகை கட்டாது என்று பருத்திப்பட்டுக்கு வந்தேன். ஏரிக்குப் பக்கத்தில் கன்னியம்மாவின் வளவு. அவர்கள் அந்த ஊரின் பழைய விவசாயக் குடும்பம். நிலமெல்லாம் பிளாட்டாகப் போனபிறகு மிஞ்சியது அந்த மனையும் இரண்டு எருமைகளும்தான். மனையில் வரிசையாக அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். மற்ற அறைகளில் எல்லாம் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவர்களின் குடும்பங்கள். குவார்ட்டர்ஸ் கிடைக்கும்வரை அங்கே இருப்பார்கள். என் அறைக்கும் பக்கத்து அறைக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். அங்கே சங்கரன்கோயில் பக்கத்துப் பேச்சியம்மாள் இருந்தாள்.

அந்த வளவில் யாரும் யாரையும் வந்து பார்த்து நலம் கேட்பதில்லை. காதால் கேட்டே தெரிந்துகொள்வார்கள். காலையில் தொழிற்சாலைச் சங்கு ஊதும். அதற்கு முன்னும் பின்னும் குக்கர்கள் விசிலடிக்கும். யார் வீட்டு விசில் எது என்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஊரில் பானையில் சோறாக்கிக் கஞ்சி வடிக்கிறவர்கள் நாங்கள். குக்கர் என்ற சாமானை நான் தொட்டதே அங்கேதான். முதல்நாள் பேச்சியம்மாளின் குக்கர் சுவருக்கு அப்பால் சீறியபோது நான் கட்டிலுக்குக் கீழே போய்விட்டேன். எங்கள் ஊரில் வானத்திலிருந்து எது சீறிக்கொண்டு வந்தாலும் அப்படித்தான் செய்வோம். பிறகு அதைச் சொல்லி அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். ஒரு வீட்டில் விசில் வரத் தாமதமானால் யாராவது எட்டிப் பார்த்து, "இன்னாமே, இன்னும் ஒல வெக்கல?" என்பார்கள். அதுதான் அங்கே நலம் விசாரிப்பு.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஒவ்வொரு வாசலிலும் ஒரு சட்டி இருக்கும். அரிசி களைந்த தண்ணீரை அதில்தான் ஊற்ற வேண்டும். கழனித் தண்ணி என்பார்கள். கன்னியம்மா வாளியோடு வந்து ஒவ்வொரு சட்டியாகச் சாய்த்துக்கொண்டு போய் அவ்வப்போது தொட்டியில் ஊற்றி, கடைசியில் கொஞ்சம் தவிடு போட்டு எருமைக்கு வைப்பார். சாக்கடையில் ஊற்றியவளைக் கன்னியம்மா ஏசிய ஏச்சை இங்கே எழுத முடியாது. "வாயில்லா ஜீவன் குட்ச்சிட்டுப் போவுது, உனுக்கு இன்னா கொள்ள?" என்பது மட்டும் அதில் அச்சுக்கு ஏற்றது.

கணவர் ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் கூப்பிடுவார். அதற்காகப் பூந்தமல்லிக்குப் பஸ் பிடித்துப் போய், ஒரு எஸ்.டி.டி. கடை வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். முதலில் வாரம் தவறாமல் வந்த அழைப்பு பிறகு மாதத்துக்கு ஒன்றாயிற்று. தொண்ணூற்றொன்றில் நாடே அதிர்ந்த அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, கடையில் வாயைத் திறக்கவே பயமாகிவிட்டது. இரண்டு சொல் பேசினால் எந்த ஊர் என்று தெரிந்துவிடும். பஸ்ஸில் சில்லறையை நீட்டி, ஊரின் பெயரை மட்டும் சொல்வேன். காய்கறிக்காரரிடம் விரலால் காட்டுவேன். ஒருநாள் முழுக்கப் பேசாமல் இருந்துவிட்டு இரவில் என் குரல் இன்னும் இருக்கிறதா என்று தனியே கதைத்துப் பார்த்திருக்கிறேன். போலீஸ்காரர் வந்து சிலோன்காரர்கள் யாரும் இருக்கிறார்களா என்று விசாரித்தபோது, கன்னியம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "கீது ஒரு பொண்ணு. பேரு எய்திக்கோ. தங்கம் மாரி கீது. இன்னா இப்ப?" என்றார். மற்றபடி அவருக்கும் எனக்கும் பெரிய பேச்சு வார்த்தை இருந்ததில்லை. அவர் பேசுவதில் பாதி எனக்குப் புரியாது, நான் பேசுவதில் முக்கால்வாசி அவருக்குப் புரியாது.

உயர்தர வகுப்பில் தமிழ் படித்தவள் நான். பிரிவுத் துயரைப் பாடும் பழைய பாட்டுகளை மனப்பாடம் செய்திருக்கிறேன். தலைவன் பொருள்தேடிப் போவான், தலைவி மெலிவாள், வளையல் கழலும். பருத்திப்பட்டில் படுத்துக்கிடந்த நாட்களில்தான் ஒன்று எனக்கு உறைத்தது. அந்தத் தலைவிகள் எல்லோருக்கும் ஒரு தோழி இருந்தாள். அவள் வளையலைப் பார்த்தாள், நெற்றியைப் பார்த்தாள், தாயிடம் போய்ச் சொன்னாள், தலைவனை வழிமறித்து இடித்துரைத்தாள். தோழி இல்லாத தலைவியை நான் படித்த பாட்டு எதிலும் கண்டதில்லை. அப்படி ஒருத்தி இருந்திருந்தாலும் அவள் இருந்தது யாருக்குத் தெரிந்திருக்கும்?

தொண்ணூற்றிரண்டின் கடைசியில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் விலாசம் விசாரித்துக்கொண்டு வந்தார். படகில் வந்து, முகாமில் இருந்து, வெளிநாட்டுக்குப் போக வழி தேடுகிறவர். தேநீர் போட்டுக் கொடுத்தேன். ஊர்ப்புதினங்களைச் சொல்லிக்கொண்டே வந்தவர், "அம்மாவின்ர அந்திரட்டியும் ஒரு குறையில்லாமல் நடந்தது, பிள்ளை. உங்கட மாமாவின்ர பெடியன்தான் எல்லாம் முன்னுக்கு நிண்டு செய்தவன்" என்றார்.

அந்திரட்டி என்பது எங்கள் பக்கம் இறந்த முப்பத்தோராம் நாள் செய்யும் காரியம். அம்மா இருக்கிறாரா என்று நான் இன்னும் கேட்டிருக்கவே இல்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"ஏன் பிள்ளை, உமக்குத் தெரியாதே?"

"தெரியும்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். பாவம், அவ்வளவு தூரம் வந்த மனிதர். தெரியாது என்றால் தேநீரைப் பாதியில் வைத்துவிடுவாரே என்று அந்த நேரத்தில் தோன்றியது. அவர் குடித்து முடித்தார். பஸ் நிறுத்தம்வரை போய் வழியனுப்பினேன். திரும்பி வந்து கோப்பையைக் கழுவினேன். அழுகை வரவில்லை. வந்தாலும் அழ முடியாது. வளவில் அப்போது வெள்ளையடிப்பு நடந்துகொண்டிருந்தது. கன்னியம்மாவின் மகள் சாந்திக்குத் தையில் கல்யாணம். முறுக்குக்கு மாவு இடித்துக்கொண்டும், உறவுக்குப் பத்திரிகை வைத்துக்கொண்டும் வீடு களைகட்டியிருந்தது. கல்யாண வீட்டில் ஒரு வாடகைக்காரி அம்மா செத்துவிட்டாள் என்று ஒப்பாரி வைத்தால் எப்படி இருக்கும்? அம்பத்தூரில் குடியிருந்தபோது கீழ் வீட்டில் ஒரு சாவு விழுந்து, காரியம் முடிந்த கையோடு அந்தக் குடும்பத்தைக் காலி செய்யச் சொன்னதைப் பார்த்தவள் நான். ஆகவே வாயை மூடிக்கொண்டேன்.

மூடிய வாய் சோற்றுக்கும் திறக்கவில்லை. அந்த நாட்களை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. துக்கம் என்றால்கூட ஒரு சூடு இருக்கும். இதில் அதுவும் இல்லை. தலை சீவ வேண்டும் என்று காலையில் நினைத்தால் பொழுது சாயும்போதும் அதையே நினைத்துக்கொண்டு பாயில் கிடப்பேன். செத்துப்போக வேண்டும் என்றுகூட இல்லை. எழுந்திருக்காமல் இருந்தால் போதும் என்றிருந்தது. ஒருநாள் விசில் வரவில்லை என்று பேச்சியம்மாள் வந்து நின்றுவிட்டாள். "தலைவலி" என்று சொல்லி அனுப்பினேன். அவள் மறுபடி வந்துவிடக்கூடாதே என்ற பயத்தில் மறுநாள் ஒரு வேலை செய்தேன். குக்கரில் வெறும் தண்ணீரை ஊற்றி மூடி அடுப்பில் வைத்தேன். விசில் வந்தது. சுவருக்கு அப்பால் பேச்சியம்மாள் தன்பாட்டில் இருந்தாள். வாசல் சட்டியில் குழாய்த் தண்ணீரை ஊற்றி வைத்தேன். கன்னியம்மா வந்து சாய்த்துக்கொண்டு போனார். இவ்வளவு சுலபமா என்று இருந்தது. பிறகு தினமும் அப்படியே செய்தேன். பசி தாங்காதபோது பொரிகடலையைத் தின்றுவிட்டு மறுபடி படுத்துக்கொள்வேன்.

தை பிறந்தது. கல்யாணத்துக்கு நாலைந்து நாள் முன்பு வாசலில் பந்தக்கால் நட்டார்கள். மறுநாள் காலை என் குக்கர் விசிலடித்துக்கொண்டிருக்கும்போதே கன்னியம்மா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். கையில் என் சட்டி.

"இன்னா சிலோனம்மா இது? வர்சையில மொத சட்டி உன்னுது. அத்த ஊத்தினா கருப்பாயி மோந்து பாத்துட்டு மூஞ்சத் திருப்பிகினு போவுது. பேச்சி ஊட்டுத் தண்ணி ஊத்துனா உறிஞ்சிகினு குடிக்கிது. நானும் நாலு நாளா பாத்துகினுதான் கீறேன். அரிசி வாசனயே இல்லியே!"

நான் எழுந்து உட்கார்ந்தேன். அவர் அடுப்பை அணைத்தார். ஆவி அடங்கியதும் குக்கரைத் திறந்தார். உள்ளே பார்த்தார். கல்யாண வேலையில் மஞ்சள் அப்பிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, என் எதிரே தரையில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்தார். சீவாத தலையைப் பார்த்திருப்பார். கழுத்தெலும்பைப் பார்த்திருப்பார்.

"யாரு பூட்டாங்க?" என்றார்.

"அம்மா."

"எப்ப?"

"ரெண்டு மாசத்துக்கு மேல."

"அட பாவி மவளே" என்று கன்னியம்மா தலையில் அடித்துக்கொண்டார். பிறகு குரலைத் தணித்து, "இன்னாத்துக்கு சொல்லல? ஊட்ல கண்ணாலம்னா?"

தலையசைத்தேன். அவர் எழுந்தார். சுவரில் இரண்டு தட்டு தட்டி, "ஏ பேச்சி, இங்க வா" என்றார். வந்தவளிடம் விஷயத்தைச் சொன்னதும் பேச்சியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். "விசில் சத்தம் கேட்டுச்சுல்லா, நல்லாத்தான இருக்கான்னுல்லா நெனச்சேன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"ஊட்ல பந்தக்கா நட்டுகீது. இங்க அழுவக் கூடாது" என்றார் கன்னியம்மா. "ஆனா அழுவாம இது பொழைக்காது. வா, ஏரிக்குப் போலாம்."

கருப்பாயியை அவிழ்த்து முன்னால் ஓட்டினார். பார்க்கிறவர்கள் எருமை கழுவப் போகிறார்கள் என்று நினைக்கட்டும் என்பதற்காக. நாங்கள் இருவரும் பின்னால் போனோம். மழை முடிந்த காலம். ஏரி கரை தளும்பிக்கிடந்தது. வேலிக்காத்தான் புதருக்குப் பின்னால், வீடுகள் கண்ணில் படாத இடத்தில் உட்கார்ந்தோம். கன்னியம்மா என் தோளில் கையைப் போட்டார். மறுபக்கம் பேச்சியம்மாள்.

"உங்கம்மா பேரு இன்னா?"

"அன்னப்பிள்ளை."

"இன்னா வேல செய்வாங்க?"

"புகையிலைத் தோட்டம்."

கன்னியம்மா தன் ஆயுளில் புகையிலைச் செடியைப் பார்த்ததில்லை. வாயில் அடக்குகிற காய்ந்த இலைதான் தெரியும். ஆனாலும் கண்ணை மூடி, தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்தார்:

பொகையிலத் தோட்டத்திலே பூவெடுத்துச் சூடையிலே
பொழுது சாஞ்சதுன்னு போனியே அன்னம்மா
கடலுக்கு இக்கரையில் கலங்குறாளே ஒம்மவ
காடுவரை வந்தழுவ வழியில்லியே அன்னம்மா

புகையிலைப் பூவை யாரும் சூடுவதில்லை. பூக்க விட்டால் இலை திரளாது என்று கொழுந்திலேயே கிள்ளி எறிந்துவிடுவார்கள். அம்மா வெயிலில் நின்று அதைக் கிள்ளுவார். விரல் நுனியெல்லாம் பிசினாக ஒட்டும். நான் திருத்தவில்லை. யாருமே பூச்சூடிப் பார்க்காத என் அம்மாவுக்கு, அவரை அறியாத ஒருத்தி தலை நிறையப் பூ வைத்து அனுப்பிக்கொண்டிருந்தார். பேச்சியம்மாள் தன் ஊர் ராகத்தில் சேர்ந்துகொண்டாள். எனக்குள் எங்கேயோ கட்டி நின்றது உடைந்தது. அப்படி ஓர் ஓலம் என் உடம்பில் இருக்கும் என்று எனக்கே தெரியாது. மாரில் அடித்துக்கொண்டு அழுதேன். இவர்களுக்குப் புரியுமா, ஊர் காட்டிக்கொடுக்குமா என்ற நினைப்பே இல்லாமல் என் ஊர்த் தமிழில், "என்ரை அம்மா, என்னை ஒருக்காக் கூப்பிடணை" என்று கத்தினேன். கருப்பாயி கழுத்தளவு தண்ணீரில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அழுது ஓய்ந்ததும் மூவரும் ஏரியில் முங்கி எழுந்தோம். ஈரப் புடவையோடு திரும்பும் வழியில் கன்னியம்மா, "அழுதத எவகிட்டயும் சொல்லிடாதீங்கடி. எங்க ஊட்டு ஜனம் என்னிய ஒழிச்சிடும்" என்றார். அன்று மதியம் பேச்சியம்மாள் குழையப் பிசைந்த ரசஞ்சோற்றைக் கொண்டுவந்து, நான் உண்டு முடிக்கும்வரை நகராமல் உட்கார்ந்திருந்தாள். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அதற்குப் பிறகு கன்னியம்மா தண்ணீர் எடுக்க வரும்போதெல்லாம் என் சட்டியில் மட்டும் விரலை விட்டு, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பார். வாயால் எதுவும் கேட்க மாட்டார். அதிலேயே நான் பிழைத்துக்கொண்டேன்.

தொண்ணூற்று நான்கில் விசா வந்தது. புறப்படும் அன்று கன்னியம்மா வாசலுக்கு வரவில்லை. எருமைக் கொட்டகைக்குள் நின்றுகொண்டு, "போ, போ, நல்லா இரு" என்று கத்தினார். இங்கே வந்து இறங்கியபோது விமான நிலையத்தில் என் கணவர் நின்றார். ஏழு வருடத்தில் நாங்கள் இருவரும் வேறு வேறு ஆட்களாகியிருந்தோம். நல்ல மனிதர். மீன் தொழிற்சாலையில் நாள் முழுக்கக் குளிரில் நின்றுவிட்டு வருகிறார். அங்கேயே சாப்பிட்டுவிடுகிறார். ஒரு கூரையின் கீழ் இருவரும் தனித்தனியாகத்தான் இருக்கிறோம். இங்கே மின்சார அடுப்பில் சோறு சத்தமில்லாமல் வேகிறது. குளிர்காலத்தில் நடுப்பகலிலும் வெளியே இருட்டு. காது கொடுத்தால் குளிர்சாதனப் பெட்டியின் முனகல் மட்டும் கேட்கும்.

பருத்திப்பட்டு முனைக் கடைக்கு எப்போதாவது தொலைபேசியில் கூப்பிடுவேன். கடைக்காரர் ஆள் அனுப்புவார். "இன்னா சிலோனம்மா, சோறு துன்னியா?" என்று அந்தப் பக்கத்திலிருந்து கன்னியம்மா கத்துவார், தூரத்து ஊருக்குக் கத்தினால்தான் கேட்கும் என்பது அவர் எண்ணம். போன வாரம் கூப்பிட்டேன். வந்தது மகள் சாந்தி.

"அம்மா பூட்சிக்கா" என்றாள். "கருமாதிகூட முடிஞ்சிச்சி. ரெண்டு மாசம் ஆவப்போவுது. ஏங்க்கா, உனுக்குத் தெரியாதா?"

தெரியும் என்று சொல்லிவிட நாக்கு எழுந்தது. அடக்கிக்கொண்டேன். "தெரியாது" என்றேன். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை.

இங்கேயும் தண்ணீர் இருக்கிறது. வீட்டிலிருந்து இறங்கினால் கடலின் ஒரு கை மலைகளுக்குள் வந்து நிற்கும். அங்கே போய் நின்றேன். கன்னியம்மாவின் பெயரை வைத்துப் பாட்டில் ஓர் அடி எடுத்தேன். குரல் காற்றில் போய்விட்டது. ஒப்பாரியைத் தனியாளாகப் பாட முடியாது என்பது அப்போதுதான் தெரிந்தது. இரு பக்கமும் தோள் வேண்டும். நாயை அழைத்துக்கொண்டு வந்த ஒருவர் என்னைப் பார்த்துத் தலையசைத்துப் புன்னகைத்துவிட்டுப் போனார். நான் பாட்டுப் பழகுகிறேன் என்று நினைத்திருப்பார்.

திரும்பி வந்து படுத்தேன். மறுநாள் சோறாக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஆனாலும் காலையில் எழுந்து, குழாயைத் திறந்து, சட்டியில் தண்ணீரைப் பிடித்துக் கதவுக்கு வெளியே வைத்தேன். என் கணவர் அதைத் தாண்டி வேலைக்குப் போனார். இங்கர் அதன் பக்கத்தில் புதிதாக ஒரு தீனிப் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கதவைச் சற்றே திறந்து வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கிறேன். அது வெறும் தண்ணீர் என்று முகர்ந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ள, இந்த ஊரில் ஓர் எருமை இல்லை.